திரும்பும் வழி

நுழையும்முன்

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றையும் இணைக்கும் ஓம் விதியை மாணவர்கள் பத்தாம் வகுப்பிலேயே கற்றிருப்பர். அவ்விதி தேர்வுத்தாளில் மட்டுமன்றி, நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறைகளிலும் நாள்தோறும் பயன்படுகிறது. பழைய மகிழுந்தின் விளக்கு ஏன் மங்குகிறது என்று தேடிக் கண்டறியும் பணியைப் பற்றியது இக்கட்டுரை.

இரவுச் சாலை

சென்னையிலிருந்து கொல்கத்தா நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை, செங்குன்றம், காரனோடை, கவரைப்பேட்டை ஆகிய ஊர்களைக் கடந்து கும்மிடிப்பூண்டியை அடைகிறது. அங்குள்ள சிப்காட் தொழில் வளாகத்தின் ஆலைகள் பல பகல், இரவு பாராமல் இயங்குபவை. இரவுப் பணி தொடங்கும் வேளையிலும் முடியும் வேளையிலும் நடந்து செல்வோர், மிதிவண்டியில் செல்வோர், இருசக்கர ஊர்தியினர், தொழிலாளர்களை ஏற்றிய பேருந்துகள், ஆந்திர எல்லையை நோக்கி விரையும் சரக்குந்துகள் என அனைவரும் அச்சாலையில் கலந்து செல்கின்றனர்.

இந்நெரிசலில் வாகனத்தின் முகப்பு விளக்கு, அதை ஓட்டுபவர் காண்பதற்காக எரிகிறது. பின்விளக்கோ, பிறர் அவரைக் காண்பதற்காக எரிகிறது. இரண்டாவதன் அருமை பலரும் உணராதது. தம் வாகனத்தின் பின்விளக்கு அணைந்திருப்பதை ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்து அறிய இயலாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மகிழுந்து ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். முன்னால் நிற்கும் வாகனத்தைக் கண்டு, கால் பிரேக்கை அழுத்துவதற்குள் அவ்வளவு தொலைவு கழிந்துவிடுகிறது. விளக்கின்றி நின்ற வாகனத்தில் மோதி உயிரிழந்தோர் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி இடம்பெறுகின்றன. ஒரு சிறு திருகாணியில் படிந்த துரு அத்தகைய செய்திக்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்பது அச்செய்தியைப் படிப்போருக்குத் தோன்றுவதில்லை.

விளக்குகளின் மாவட்டம்

திருவள்ளூர் மாவட்டத்திற்கும் வாகன விளக்குகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அண்மைக்காலம் வரை அம்மாவட்டத்தின் எல்லைக்குள் இருந்த பாடியில், 1961இல் நிறுவப்பட்ட லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் வாகனங்களுக்கான மின்கருவிகளை உருவாக்கி வருகிறது. திருமழிசையை அடுத்த புதுச்சத்திரத்தில் இந்திய–ஜப்பானியக் கூட்டு முயற்சியாகத் தொடங்கப்பட்ட, முகப்பு விளக்குகளைச் செய்யும் ஆலை அமைந்துள்ளது. திருவள்ளூரை அடுத்த அதிகத்தூரில் 1998ஆம் ஆண்டு முதல் மிட்சுபிஷி லான்சர் மகிழுந்துகள் தயாராயின. அவற்றைச் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை அம்பாசிடர் மகிழுந்தை உருவாக்கியது.

லூகாஸ் என்னும் பெயர் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்திலிருந்து வந்தது. அந்நகரில் 19ஆம் நூற்றாண்டில் விளக்கு வணிகம் தொடங்கிய ஜோசப் லூகாஸ், தாம் விற்ற மிதிவண்டி விளக்குக்குச் 'சாலையின் அரசன்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் மகிழுந்து உரிமையாளர்கள் அவரையே 'இருளின் இளவரசர்' என்று கேலி பேசினர். கேலி சுவையானதுதான், ஆனால் முழுதும் நேர்மையானதன்று. ஈரமும் குளிரும் மிகுந்த நாட்டில், மூடாக்கு இல்லாத உலோக இணைப்புகளை ஆண்டுக்கணக்கில் துடைக்காமல் விட்டவர்கள் பழியைத் தயாரித்தவர் மீது சுமத்தினர்.

வண்ணங்களின் மொழி

அம்மரபில் வந்த மின்கம்பிகளுக்கு ஒரு வண்ணமொழி உண்டு. பழுப்பு நிறக் கம்பி மின்கல அடுக்கிலிருந்து நேரே வருவது. நீலத்தில் வெள்ளைக்கோடு உயர் ஒளிக்கும், நீலத்தில் சிவப்புக்கோடு தாழ் ஒளிக்கும் உரியவை. சிவப்பு பின்விளக்கைச் சுட்டும். பச்சையில் சிவப்புக்கோடு இடப்பக்க இண்டிகேட்டரையும், பச்சையில் வெள்ளைக்கோடு வலப்பக்க இண்டிகேட்டரையும் காட்டும். கறுப்பு, 'எர்த்' என்று பட்டறைகளில் வழங்கும் திரும்பும் வழிக்கு உரியது. வாகனக் கையேடுகளின் சுற்றுப்படங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. அவற்றைப் படிக்க வாய்ப்பில்லாத பணியாளர் பலர், இவ்வண்ணங்களை மனத்தில் பதித்துக்கொண்டு இருளில்கூடச் சரியான கம்பியைத் தொட்டுவிடுகின்றனர். ஒரு சிக்கல் என்னவெனில், முப்பது ஆண்டு ஓடிய வாகனத்தில் இடையிடையே யாரோ கைக்குக் கிடைத்த கம்பியை இணைத்திருப்பர். வண்ணம் அங்கே பொய் சொல்லும்.

உடலே ஒரு கம்பி

வீட்டு விளக்கிற்கு இரு கம்பிகள் செல்வதை அனைவரும் அறிவர். பழைய மகிழுந்தின் விளக்கிற்குப் பெரும்பாலும் ஒரே கம்பிதான் நீண்ட தொலைவு வருகிறது. மின்கல அடுக்கின் நேர்முனையிலிருந்து புறப்படும் மின்னோட்டம், சுவிட்சைக் கடந்து விளக்கை அடைந்து, அதன் இழையை ஒளிரச்செய்து, அருகிலுள்ள இரும்புத் தகட்டில் இறங்குகிறது. பின்னர் வாகனத்தின் உடல் வழியாகவே எதிர்முனைக்குத் திரும்புகிறது. கதவும் தரையும் முகப்பும் சேர்ந்த அந்த இரும்பு உடல் முழுவதும் ஒரு பெரிய கம்பியாகப் பயன்படுகிறது. செப்புக்கம்பியின் செலவைப் பாதியாகக் குறைத்த சிக்கன ஏற்பாடு அது.

சிக்கனத்திற்கு ஒரு விலை உண்டு. இரும்பு துருப்பிடிக்கும். பழவேற்காடு ஏரியும் வங்கக்கடலும் கும்மிடிப்பூண்டிக்கும் பொன்னேரிக்கும் கிழக்கே விரிந்து கிடக்கின்றன. கடற்காற்று சுமந்துவரும் உப்பு, ஈரத்தை ஈர்த்துத் தகட்டின் இடுக்குகளில் தங்குகிறது. செப்பு முனைகளில் பச்சைநிறப் பூச்சாகவும், இரும்புத் திருகாணிகளில் செம்பழுப்புத் துருவாகவும் அதன் வேலை வெளிப்படும். 2015 டிசம்பர் பெருவெள்ளத்தின் போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் போதும் நீரில் நின்ற வாகனங்களுக்கு இக்கேடு விரைந்து நேர்ந்தது. வெள்ளம் வடிந்த வாரத்தில் நன்றாக எரிந்த விளக்கு ஆறு திங்கள் கழித்து மங்கும்போது, அதை வெள்ளத்தோடு தொடர்புபடுத்திப் பார்ப்பவர் குறைவு.

துரு மின்னோட்டத்தை முழுவதுமாகத் தடுத்துவிட்டால் விளக்கு அணைந்துபோகும். பழுது எளிதில் தெரிந்துவிடும். அரைகுறையாகத் தடுக்கும் துருவே ஏமாற்றுவது. மின்னிழை விளக்கு பெறும் மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால், அது தரும் ஒளி ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைகிறது. இழை சற்றே குளிர்ந்தாலும் அதன் ஒளி மிகுதியாகச் சரிவதே இதற்குக் காரணம். விளக்கு எரிகிறது, ஆனால் சாலை தெரிவதில்லை.

இந்நிலையில் பலர் மேற்கொள்ளும் வழி, பல்பை மாற்றுவது. அதனால் பயனில்லை எனில், 55 வாட் பல்பை எடுத்துவிட்டு 100 வாட் பல்பைப் பொருத்துகின்றனர். நோய்க்கு மருந்தாக நோயையே கொடுப்பது போன்றது இது. அதிக மின்னோட்டத்தைத் தாங்காத பழைய சுவிட்சும் கம்பியும் சூடேறுகின்றன. பல்பைத் தாங்கும் பிடி உருகுகிறது. எதிரே வருபவரின் கண்ணும் கூசுகிறது. இதைவிடக் கொடியது, எரிந்துபோன பியூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றிவைப்பது. எங்கோ ஒரு கம்பி தேய்ந்து உடலைத் தொடுகிறது என்று எச்சரிக்கவே பியூஸ் தன்னை எரித்துக்கொள்கிறது. அந்த எச்சரிக்கையை அடக்கிவிட்டால், எரிவது அடுத்துக் கம்பிக்கட்டாகத்தான் இருக்கும்.

பட்டறையில் ஒரு பிற்பகல்

கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே உள்ள சிறு பட்டறை ஒன்றுக்கு, 1990களின் தொடக்கத்தில் வாங்கப்பட்ட அம்பாசிடர் ஒன்று வந்தது. உரிமையாளர் உருட்டாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் தொழில் வளாகத்தில் இரவுப் பணி பார்க்கிறார். பணி முடியும் நேரத்தில் அவரை அழைத்துவரத் தந்தையே வண்டியை எடுத்துச் செல்வது வழக்கம். இடப்பக்க முகப்பு விளக்கு மங்கிப்போய் இரண்டு திங்களாகிவிட்டது. இடப்பக்கம்தான் சாலையோரம் நடப்போர் இருக்கும் பக்கம். முந்தைய வாரம் மிதிவண்டியில் சென்ற ஒருவரை மிக அருகில் வந்த பிறகே அவர் கண்டிருக்கிறார். அதன்பின் இரவில் வண்டியை எடுக்கவே அவர் அஞ்சினார்.

பட்டறையின் மூத்த பணியாளரிடம் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் தொழில் பழகிக்கொண்டிருந்தான். அவன் பல்பைக் கழற்றினான், மல்டிமீட்டரின் இரு முனைகளையும் பல்பின் பிடியில் வைத்தான், 12.4 வோல்ட் என்று மீட்டர் காட்டியது.

"அண்ணே, கரண்ட் முழுசா வருது. பல்புதான் வீக்கு. புதுசு போட்டுடலாமா?" என்றான்.

"மூணு பல்பு மாத்தியாச்சுன்னு சார் சொல்றாரு. நாலாவது மட்டும் என்னத்தைச் செஞ்சிடும்?" என்றார் மூத்தவர். "பல்பை மாட்டு. லைட்டைப் போட்டுட்டு அப்புறம் மீட்டரை வை."

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை. சிறுவன் அதனிடம் கேட்ட கேள்வி பொருத்தமானதாக இல்லை. அடைப்புள்ள நீர்க்குழாயின் முனையை மூடி வைத்திருக்கும்போது அழுத்தமானியைப் பொருத்தினால், அது முழு அழுத்தத்தையே காட்டும். குழாயைத் திறந்து நீரை ஓடவிட்டால்தான் அடைப்பு தன்னைக் காட்டிக்கொள்ளும். மல்டிமீட்டர் தன் வழியே மிகமிகச் சிறிய மின்னோட்டத்தையே செல்லவிடுகிறது. அச்சிறு ஓட்டத்திற்குத் துரு ஒரு தடையே அன்று. கம்பியின் இழைகள் அனைத்தும் அறுந்து ஒன்றே ஒன்று எஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும். விளக்கு எரியும்போது நான்கு ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் பாய்கிறது. அப்போதுதான் தடையின் இரு பக்கங்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு தோன்றும்.

பல்பு பொருத்தப்பட்டது, தாழ் ஒளி ஏற்றப்பட்டது. பல்பின் இரு முனைகளுக்கு இடையே இப்போது 10.6 வோல்ட்தான் இருந்தது. மின்கல அடுக்கு தந்த 12.4 வோல்ட்டில் 1.8 வோல்ட் எங்கோ வழியில் தொலைந்துவிட்டது. எங்கே என்பதே கேள்வி.

சிறுவன் மீட்டரின் ஒரு முனையை மின்கல அடுக்கின் நேர்முனையிலும், மறுமுனையைப் பல்புக்கு மின்னோட்டம் நுழையும் இடத்திலும் வைத்தான். 0.4 வோல்ட். சுவிட்சு, கம்பி, இணைப்புகள் ஆகிய அனைத்தும் சேர்ந்து வாங்கிக்கொள்ளும் இழப்பு அது. பழைய வண்டிக்கு அது பெரிதன்று. அடுத்து, பல்பிலிருந்து மின்னோட்டம் வெளியேறும் இடத்திற்கும் மின்கல அடுக்கின் எதிர்முனைக்கும் இடையே வைத்தான். 1.4 வோல்ட்.

"கூட்டிப் பாரு" என்றார் மூத்தவர்.

சிறுவன் கணக்கிட்டான். 0.4, 10.6, 1.4, மொத்தம் 12.4. தொலைந்தது எதுவும் இல்லை. ஒவ்வொரு வோல்ட்டுக்கும் கணக்கு இருந்தது. மின்னோட்டம் வரும் வழியில் குறையில்லை; திரும்பும் வழியில்தான் குறை. அதன்பின் தேடும் இடம் விரைவாகச் சுருங்கியது. முகப்புத் தகட்டுக்கும் எதிர்முனைக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. எனவே, பல்பின் கறுப்புக் கம்பி தகட்டோடு சேரும் ஒரே ஒரு திருகாணிதான் குற்றவாளி.

அத்திருகாணி வெளிப்பார்வைக்கு இறுக்கமாகவே இருந்தது. மேலே பூசிய வண்ணம்கூடப் பளபளத்தது. கழற்றியபோது அதன் அடியிலிருந்து செம்பழுப்புத் தூள் உதிர்ந்தது. ஏறத்தாழ மூன்றிலொரு ஓம் அளவுள்ள மின்தடை அந்தத் தூளில் இருந்தது. மூன்றிலொரு ஓம் என்பது வகுப்பறைக் கணக்கில் பொருட்படுத்தத் தகாத எண்ணாகத் தோன்றலாம். எரியும் விளக்கின் மொத்தத் தடையே இரண்டரை ஓம் அளவுதான் என்பதை நினைத்தால் அதன் வலிமை புரியும். அத்திருகாணியில் 6 வாட் ஆற்றல் வெப்பமாக வீணாகிக்கொண்டிருந்தது. ஒரு பின்விளக்கை எரிய வைக்க 5 வாட் போதும்.

மூத்தவர் தகட்டின் அவ்விடத்தை உப்புத்தாளால் உலோகம் ஒளிரும்வரை தேய்த்தார். கம்பியின் கறுத்த நுனியை வெட்டிவிட்டுப் புதிய லக்கு ஒன்றை அழுத்திப் பொருத்தினார். பல்லுள்ள வாஷர் ஒன்றை இட்டுத் திருகாணியை முடுக்கினார். மேலே வாசலைனைப் பூசினார். வாசலைனை முதலில் பூசாமல் இறுக்கிய பிறகு பூசுவது ஏன் என்று உரிமையாளர் கேட்டார். உலோகத்தோடு உலோகம் சேர்வது முதல் வேலை என்றும், காற்றும் உப்பும் உள்ளே புகாமல் தடுப்பது அடுத்த வேலை என்றும் விடை வந்தது. விளக்கை ஏற்றியபோது பல்பின் முனைகளுக்கிடையே 11.8 வோல்ட் இருந்தது. அதே மூன்றாவது பல்பு இப்போது எதிர்ச்சுவரில் வெள்ளையாக வீசியது.

உரிமையாளருக்கு மகிழ்ச்சியோடு சிறு வருத்தமும் இருந்தது. மூன்று பல்புகளுக்கும் ஒரு பிடிக்கும் அவர் செலவழித்த பணத்திற்கு முன் அந்த வாஷரின் விலை ஒன்றுமில்லை. பணியாளரோ அதைப் பெருமையாகப் பேசவில்லை. வலப்பக்க விளக்கின் திருகாணியையும் கழற்றித் தேய்க்கச் சொன்னார். ஒரே உப்புக்காற்றுதான் இருபுறமும் வீசியிருக்கிறது என்பது அவருடைய கணக்கு. தாழ் ஒளியின் மேல்விளிம்பு சுவரில் எந்த உயரத்தில் விழுகிறது என்று பார்த்து, விளக்கின் சாய்வைச் சற்றே கீழிறக்கினார். விளக்கு பிரகாசமானதும் இதைச் செய்யாவிட்டால், தம் கண்ணுக்குக் கிடைத்த ஒளி எதிரே வருபவரின் கண்ணைப் பறித்துவிடும்.

வழி மாறிய ஒளி

வண்டியைக் கொடுக்குமுன் பின்விளக்குகளைப் பார்ப்பது அப்பட்டறையின் வழக்கம். மூத்தவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பிரேக்கை அழுத்தினார். சிறுவன் பின்னால் நின்றான்.

"எரியுதாடா?"

"எரியுது அண்ணே. ஆனா வலதுபக்கம் பளிச்சுனு இருக்கு, இடதுபக்கம் மங்கல். அதுகூடவே இடது இண்டிகேட்டரும் லேசா மினுக்குது. நீங்க இண்டிகேட்டர் போட்டிருக்கீங்களா?"

இண்டிகேட்டர் போடப்படவில்லை. பழைய மகிழுந்துகளில் அடிக்கடி காணப்படும் விந்தை இது. பின்பக்கத்து ஒரே கூட்டினுள் பிரேக் விளக்கு, பின்விளக்கு, இண்டிகேட்டர் ஆகிய மூன்றும் அமைந்துள்ளன. மூன்றுக்கும் திரும்பும் வழி ஒன்றுதான். அவ்வழி துருவால் அடைபடும்போது, பிரேக் விளக்கின் இழையைக் கடந்து வந்த மின்னோட்டம் தகட்டில் இறங்க முடியாமல் தேங்குகிறது. அருகிலுள்ள இண்டிகேட்டரின் இழைக்குள் பின்புறமாக ஏறி, அதன் கம்பி வழியே வண்டியின் முகப்புவரை ஓடி, முன்பக்க இடது இண்டிகேட்டரின் எர்த்தில் இறங்கி, சுற்றிவளைத்து மின்கல அடுக்கை அடைகிறது. போகிற வழியில் உள்ள இழைகளுக்கெல்லாம் சிறிது சிறிது ஒளி கொடுத்துவிட்டுச் செல்கிறது. ஆகவே, அழுத்தியது பிரேக் என்றாலும் மினுக்குவது இண்டிகேட்டர். பின்னால் வருபவர் அதைக் கண்டு, இவ்வண்டி இடப்பக்கம் திரும்பப் போகிறது என்று எண்ணினால் அவரைக் குறைசொல்ல இயலாது. சுவிட்சைப் பிரித்தும், சிமிட்டும் கருவியை மாற்றியும் நாள்கணக்கில் இதனோடு போராடுவோர் உண்டு. அங்கெல்லாம் பழுது இருப்பதில்லை.

மூத்தவர் இருக்கையை விட்டு இறங்கவில்லை. காலையும் பிரேக்கிலிருந்து எடுக்கவில்லை. உரிமையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மகளின் பணி முடிய இன்னும் நேரமிருந்தது.

சிறுவன் இம்முறை பல்பைக் கழற்றவில்லை. நீண்ட கம்பி ஒன்றை எடுத்து, அதன் ஒரு நுனியை மின்கல அடுக்கின் எதிர்முனையில் கவ்வவிட்டான். மறுநுனியை மல்டிமீட்டரோடு இணைத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் வந்தான். இடது விளக்குக் கூட்டின் கறுப்புக் கம்பியில் மீட்டரின் முனையை வைத்து, எண்ணைப் படித்துச் சொல்லக் குனிந்தான்.